4294967297: ஐந்தாம் ஃபெர்மா எண் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இது எங்கிருந்து வருகிறது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று வாசிக்க வேண்டும். 2-இன் 32-ஆம் அடுக்கான 4294967296 உடன் 1-ஐக் கூட்டினால் இது கிடைக்கும்; 65536-இன் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினாலும் இதுவே கிடைக்கும். பத்து இலக்கங்கள் கொண்ட ஒற்றைப்படை எண். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. இன்றைய கணிதத்தில் கையாளப்படும் எண்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனால் கையால் கணக்கிட்ட காலத்தில் இதன் இயல்பை அறிவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஃபெர்மா எண் என்றால் என்ன?

2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி அதனுடன் 1-ஐக் கூட்ட வேண்டும். அந்த அடுக்கும் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போகும் வரிசையில் இருக்க வேண்டும். இவ்வாறு கிடைப்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகியவை. வழக்கப்படி 3-ஐச் சுழியாம் எண் என்று தொடங்கி எண்ணுவதால், நம் எண் வரிசையில் ஆறாவதாக நின்றாலும் ஐந்தாம் ஃபெர்மா எண் என்றே அழைக்கப்படுகிறது.

அடுக்கு ஏன் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்? 2-இன் 12-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் ஆகாதா?

கூட்டலாம், ஆனால் கிடைப்பது பகா எண்ணாக இருக்க முடியாது. அடுக்கில் 1-ஐத் தவிர வேறு ஒற்றைப்படைக் காரணி ஒன்று இருந்துவிட்டால் முழு எண்ணும் உடனே உடைந்துவிடும். 12 என்பது 4 × 3 ஆகையால், 2¹² + 1 என்பது 16-இன் கனத்தோடு 1-ஐக் கூட்டியதற்குச் சமம். ஒரு எண்ணின் கனத்தோடு 1-ஐக் கூட்டினால் அந்த எண்ணுடன் 1-ஐக் கூட்டியது அதற்குக் காரணியாகும் என்பது பள்ளி இயற்கணிதம். எனவே 4097 = 17 × 241. ஒற்றைப்படைக் காரணியே இல்லாத அடுக்குகள் 2-இன் அடுக்குகள் மட்டுமே என்பதால், பகா எண்ணாக அமையும் வாய்ப்பு இந்த வரிசைக்கு மட்டுமே உண்டு. வாய்ப்பு உண்டு என்பது வேறு, பகா எண்தான் என்பது வேறு. இந்த எண்ணின் கதை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

ஃபெர்மா சரியாக என்ன சொன்னார்?

பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதம் செய்தவர் பியர் தெ ஃபெர்மா. இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று தாம் கருதுவதாக 1640-இல் தம் கடிதங்களில் எழுதினார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள். அடுத்து நின்றது 4294967297. நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தமது நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா?

பகு எண். 4294967297 = 641 × 6700417. இவ்விரண்டும் பகா எண்கள். வேறு பகாக் காரணி இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

லியோனார்டு ஆய்லர், 1732-இல். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது 25. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஃபெர்மாவின் இந்தக் கூற்றை அறிவீர்களா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர் கிறிஸ்டியன் கோல்ட்பாக். அந்தக் கடிதம் எழுதப்பட்ட ஆண்டு 1729. ராமானுஜனின் பெயரோடு நாம் நினைவில் வைத்திருக்கும் அதே எண், ஆனால் இங்கே அது தற்செயல் மட்டுமே. ஆய்லர் முதலில் இதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடாமல் கேட்டதால்தான் எண் கோட்பாட்டின் பக்கம் அவர் கவனம் திரும்பியது என்று சொல்லலாம்.

இத்தனை எண்கள் இருக்க, 641-ஐ அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்?

1732-இன் கட்டுரையில் ஆய்லர் விடையை மட்டும் சொன்னார். வழியைப் பின்னர் எழுதிய கட்டுரையில்தான் விளக்கினார். அந்த வழி அழகானது என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் எண்ணை ஏதோ ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1 என்றாகும். அதாவது, 1 கூட்டினால் மீதி ஏதும் இராது. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. இதன் பொருள், 2-ஐத் திரும்பத் திரும்பத் தன்னால் பெருக்கிக்கொண்டே போனால் 64-ஆம் படியில் மீதி 1-க்குத் திரும்புகிறது என்பது. அதற்கு முன்னரே திரும்பியிருக்குமா? முதன்முதலில் திரும்பும் படி 64-இன் வகுத்தியாகவே இருக்க வேண்டும்; 64-ஐ விடச் சிறிய அதன் வகுத்திகள் எல்லாம் 32-ஐயும் வகுப்பவை; 32-ஆம் படியிலோ மீதி −1 ஆக இருக்கிறது. ஆகவே முதன்முதலில் திரும்புவது சரியாக 64-ஆம் படியில்தான்.

இப்போது ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத எந்த எண்ணையும் அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வரும் என்பதே அத்தேற்றம். மீதி 1 வரும் அடுக்குகள் எல்லாம் 64-இன் மடங்குகள் என்று சற்று முன் கண்டோம். எனவே நாம் தேடும் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 64-இன் மடங்கு. அதாவது, காரணியாக வரக்கூடியவை 64-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1-ஐக் கூட்டிய எண்கள் மட்டுமே.

இந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பிற்காலத்தில், 1878-இல், எத்வார் லூக்கா இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கி, 64-க்குப் பதிலாக 128 என்றே கொள்ளலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 257, 641 என்ற இரண்டு மட்டுமே.

பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமல் 641 காரணி என்று காட்ட முடியுமா?

முடியும், நான்கு வரிகள் போதும். 641 என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இரண்டாவது வடிவத்தின்படி 5⁴ என்பதன் இடத்தில் −2⁴ என்று போடலாம். அவ்வாறு போட்டால் −2³² என்பதன் மீதி 1 என்றாகிறது. எனவே 2³² + 1 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்த மாணவர் எவரும் இதைப் பின்தொடரலாம். ஆனால் இது விடையை அறிந்தபின் எழுதப்படும் நிறுவல் என்பதை மறக்கக் கூடாது. 641-ஐத் தேடிப் பிடிக்க இது உதவாது. அதற்கு முந்தைய கேள்வியில் சொன்ன வழிதான் வேண்டும்.

6700417 பகா எண்தான் என்பதற்கு என்ன உறுதி?

இங்கும் அதே நிபந்தனை கைகொடுக்கிறது. 6700417-இன் எந்தப் பகாக் காரணியும் 4294967297-க்கும் காரணியாகும். ஆகவே அதுவும் 128-இன் மடங்கோடு 1-ஐக் கூட்டிய வடிவில்தான் இருக்க வேண்டும். 6700417 பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத காரணி ஒன்று இருந்தாக வேண்டும். அந்த வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேலே உள்ளது. அந்த எல்லைக்குள் இவ்வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து மட்டுமே. 6700417-ஐ இவற்றால் வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றிலும் மீதி சுழியாகவில்லை. எனவே 6700417 பகா எண்ணே. எழுபது லட்சத்தை நெருங்கும் ஓர் எண்ணைப் பகா எண் என்று நிறுவ ஐந்தே வகுத்தல்கள் போதுமாயிருப்பது, எண்ணின் வடிவம் எவ்வளவு தகவலைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

அப்படியானால் ஃபெர்மாவே இதைக் கண்டுபிடித்திருக்கலாமே?

கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. சிறு தேற்றம் அவருடையது. அதையும் அதே 1640-ஆம் ஆண்டில்தான் கடிதத்தில் எழுதினார். அதே ஆண்டில், இதே முறையைக் கொண்டு, 2³⁷ − 1 ஆகிய 137438953471 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணின் காரணி 223 என்றும் கண்டறிந்தார். அங்கே 74-இன் மடங்கோடு 1-ஐக் கூட்டிய பகா எண்களைச் சோதித்தால் போதும். 149-க்கு அடுத்ததாகவே 223 வந்துவிடுகிறது. அதைவிடச் சிறிய எண்ணான 4294967297-இல் ஐந்தாவது முயற்சியில் கிடைத்திருக்கக்கூடிய காரணி அவர் கண்ணில் படவில்லை.

எந்த உத்தியும் இல்லாமல் 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனாலும், 641 என்பது 116-ஆவது பகா எண்தான். பொறுமையுள்ள ஒருவருக்குச் சில நாள் வேலை. எனவே அவர் சோதித்துப் பார்த்து வகுத்தலில் எங்கோ தவறியிருக்கலாம் என்று ஊகிப்போர் உண்டு. ஊகம் எதுவாயினும், இந்த எண்ணின் இயல்பு தெரியாமல் போனதற்குக் கணக்கின் கடினத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முதல் ஐந்து எண்களும் பகா எண்களாக அமைந்துவிட்ட பொருத்தமே பார்வையை மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

சிறு தேற்றம் பிறந்த ஆண்டிலேயே அதன் மிக எளிய பயன்பாடு ஒன்று தவறவிடப்பட்டது. ஆய்லர் அந்தத் தேற்றத்துக்கு நிறுவலும் தந்து, அதைக் கொண்டே ஃபெர்மாவின் மற்றொரு கூற்றை வீழ்த்திய வழியையும் விளக்கினார்.

ஃபெர்மாவின் காரணிப்படுத்தும் முறை ஒன்று உண்டே, அதைப் பயன்படுத்தினால்?

ஓர் எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி காணும் முறையையே குறிப்பிடுகிறீர்கள். இரு காரணிகளும் அளவில் நெருங்கியிருந்தால் அது மிக விரைவாக வேலை செய்யும். இங்கே ஒன்று மூன்று இலக்கம், மற்றது ஏழு இலக்கம். நமக்கு வேண்டிய வித்தியாசம் 3350529² − 3349888². வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 65537-இல் தொடங்கி 3350529 வரை ஒவ்வொன்றாகப் போக வேண்டும். அதாவது 32 லட்சத்துக்கும் அதிகமான படிகள். இந்த எண்ணுக்கு இந்த முறை பொருந்தாது.

இதன் வகுத்திகள் எத்தனை? அவற்றின் கூட்டுத்தொகை என்ன?

நான்கு வகுத்திகள்: 1, 641, 6700417, 4294967297. கூட்டுத்தொகை 4301668356. எண்ணை நீக்கிவிட்டுக் கூட்டினால் 6701059 மட்டுமே வருவதால் இது குறைவுள்ள எண்களின் வகையைச் சேர்ந்தது. இதனுடன் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்களின் எண்ணிக்கை 640 × 6700416, அதாவது 4288266240.

இணையத்தில் உள்ள பகா எண் சோதனை நிரல் இதைப் பகா எண் என்று காட்டுகிறது. ஏன்?

அந்த நிரல் 2-ஐ மட்டும் அடிமானமாகக் கொண்டு சோதிக்கிறது என்று ஊகிக்கிறேன். ஓர் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நம் எண்ணுக்கு ஒன்று குறைவு 2³². அது 64-இன் மடங்கு. 2⁶⁴-இன் மீதி 1 என்று மேலே பார்த்தோம். ஆகவே இந்தச் சோதனையில் 4294967297 எந்தத் தடையுமின்றித் தேறிவிடும். இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையிலும், அடிமானம் 2 மட்டும் என்றால் தேறிவிடும். ஏனெனில் தொடர்ந்து வர்க்கப்படுத்திக்கொண்டு போகும்போது 2³²-இல் மீதி −1 வருகிறது, அச்சோதனை எதிர்பார்ப்பதும் அதையே. உண்மையில், எந்த ஃபெர்மா எண்ணும், அது பகா எண்ணாயினும் பகு எண்ணாயினும், அடிமானம் 2-இல் இப்படித் தேறிவிடும். ஆகவே இந்த வரிசைக்கு 2-ஐக் கொண்டு சோதிப்பதில் பயனே இல்லை.

அடிமானத்தை 3 என்று மாற்றினால் உண்மை வெளிப்பட்டுவிடும். 3-ஐ 2³² என்ற அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் மீதி 3029026160, 1 அல்ல.

காரணி எதுவும் தெரியாமலேயே ஃபெர்மா எண் பகு எண் என்று நிறுவலாம் என்கிறார்களே?

ஆம். 1877-இல் பெபான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் தந்த சோதனை அதைச் செய்கிறது. எண்ணிலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்கி, அந்த அடுக்குக்கு 3-ஐ உயர்த்த வேண்டும். மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இடைப்பட்ட நிலை கிடையாது. 3 எனும் சுழியாம் எண்ணுக்கு மட்டும் இது பொருந்தாது. நம் எண்ணுக்கு 3-இல் தொடங்கி 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் இறுதியில் 10324303 வருகிறது. பகா எண்ணாக இருந்திருந்தால் 4294967296 வந்திருக்க வேண்டும். இப்படிச் செய்தபின் எண் உடையும் என்பது உறுதியாகிறது, எங்கே உடையும் என்பது மட்டும் தெரிவதில்லை.

இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

இரண்டு விதங்களில் எழுதலாம். இரண்டே விதங்களில்தான் எழுதலாம். முதலாவது கண்ணுக்குத் தெரிவது: 65536² + 1². இரண்டாவது சட்டென்று புலப்படாது: 62264² + 20449². இதில் 20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது ஒரு கூடுதல் வேடிக்கை.

இரண்டாவது எங்கிருந்து வந்தது என்பதைக் காரணிகள் சொல்லும். 641 = 25² + 4²; 6700417 = 2556² + 409². இவ்வாறு இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக உள்ள இரு எண்களைப் பெருக்கினால், பெருக்கற்பலனையும் அவ்வாறே இரு விதங்களில் எழுதலாம். 25 × 2556 = 63900; 4 × 409 = 1636; கூட்டினால் 65536, கழித்தால் 62264. மறுபக்கம், 25 × 409 = 10225; 4 × 2556 = 10224; கழித்தால் 1, கூட்டினால் 20449. அந்த 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் அமைந்திருப்பதால்தான் முழு எண்ணும் ஒரு வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டிய வடிவில் நிற்கிறது. இந்த எண்ணின் பண்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதைத் திருப்பியும் பார்க்கலாம். 4-இன் மடங்கைவிட 1 மிகுந்த பகா எண்ணை ஒரே ஒரு விதத்தில்தான் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். எனவே 65536² + 1² என்பதைத் தவிர இன்னொரு விதம் கிடைத்த கணமே, காரணி தெரியாவிட்டாலும், எண் பகு எண் என்று தீர்ந்துவிடுகிறது.

இதைக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணம் உண்டா?

முழு எண் பக்கங்களோடு நான்கு உண்டு. அவற்றில் இரண்டில் மட்டுமே மூன்று பக்கங்களுக்கும் பொதுவான காரணி இல்லை. ஒன்றின் பக்கங்கள் 4294967295, 131072, 4294967297. மற்றதன் பக்கங்கள் 3458644095, 2546473072, 4294967297. முதலாவதில் கர்ணத்துக்கும் நீண்ட பக்கத்துக்கும் வித்தியாசம் 2 மட்டுமே. தாளில் வரைந்தால் ஒரே கோடாகத் தோன்றும்.

இதன் வர்க்கமூலம் என்ன?

ஏறத்தாழ 65536.0000076. முழு வர்க்கத்தைவிட 1 மட்டுமே மிகுதி என்பதால், 65536 உடன் 131072-இல் ஒரு பங்கைக் கூட்டினால் மிக நெருங்கிய மதிப்பு வந்துவிடும்.

641-க்கு மட்டும் வேறு சிறப்பு ஏதேனும் உண்டா?

1-ஐ 641-ஆல் வகுத்தால் வரும் தசமத்தைப் பாருங்கள்: 0.00156 00624 02496 09984 39937 59750 39… முதல் நான்கு தொகுதிகளில் 156, 624, 2496, 9984 என ஒவ்வொன்றும் முந்தையதன் நான்கு மடங்கு. 641 × 156 = 99996 என்பதும், அது ஒரு லட்சத்துக்கு 4 குறைவு என்பதும் இதன் காரணம். 32 இலக்கங்களுக்குப் பின் தசமம் மீண்டும் தொடக்கத்திலிருந்து வருகிறது. அந்த 32 இலக்கங்களை இரண்டாக வெட்டி 0015600624024960, 9984399375975039 என ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஒவ்வொரு இடத்திலும் கூட்டுத்தொகை 9. இப்படி அமைவதற்குக் காரணம், 10¹⁶ + 1 என்ற எண்ணும் 641-ஆல் மீதியின்றி வகுபடுவதே. 2³² + 1, 10¹⁶ + 1 ஆகிய இரண்டையும் வகுக்கும் மூன்றிலக்க எண் என்பது சாதாரணமானதன்று.

கணினியில் இந்த எண்ணைக் கொடுத்தால் சில வேளைகளில் 1 என்று மாறிவிடுகிறதே?

குறியற்ற 32 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 4294967295. நம் எண்ணின் இரும வடிவம் 1, அதன்பின் 31 சுழிகள், மீண்டும் 1. அதாவது 33 பிட்டுகள், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கத்தக்கவை. 32 பிட் இடத்தில் இதைத் திணித்தால் முன்னால் உள்ள 1 வெட்டுப்பட்டு, கடைசி 1 மட்டும் எஞ்சும். 64 பிட் மாறியைப் பயன்படுத்துங்கள்.

4294967295 என்ற அண்டை எண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அதாவது, முந்தைய ஃபெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கி 2-ஐக் கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண் கிடைக்கிறது. இதிலிருந்து, எந்த இரு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது என்பது உடனே தெரிகிறது. இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் இவை எல்லாம் ஒற்றைப்படை எண்கள். மேலே ஆய்லரின் பட்டியலில் இருந்த 257-ஐ வகுத்துப் பார்க்காமலேயே தள்ளிவிடலாம் என்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதியதொரு பகாக் காரணியையாவது கொண்டுவருவதால், பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கும் இது ஒரு நிறுவலாகிறது. இதை முதலில் சொன்னவர் அதே கோல்ட்பாக்.

வடிவியலிலும் இந்த இரு அண்டை எண்களும் எதிரெதிரே நிற்கின்றன. 1796-இல், 19 வயது நிறையாத காஸ், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்று நிறுவினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அவ்வாறு வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை கட்டாயமானது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். இன்று நாம் அறிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், வரையத்தக்கதாக அறியப்பட்ட ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் உடையது. 4294967297 பக்கங்கள் உடையதையோ, 641 பக்கங்கள் உடையதையோ வரைய முடியாது.

சிறுவன் ஒருவன் மனக்கணக்காகவே இதன் காரணிகளைச் சொன்னான் என்பது உண்மையா?

ஜெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவனைப் பற்றிய செய்தி அது. மனக்கணக்குத் திறமைக்காக லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட அவன், சுமார் எட்டு வயதில் இந்த எண் கொடுக்கப்பட்டபோது 641 × 6700417 என்று சொன்னதாக அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. விடை ஆய்லரால் ஏற்கெனவே வெளியிடப்பட்டிருந்தது. ஆனால் 641 மூன்று இலக்க எண்தான் என்பதால், மிகத் திறமையான மனக்கணக்காளர் ஒருவர் சிறு பகா எண்களை வரிசையாகச் சோதித்து அதை அடைவது நம்ப முடியாததன்று.

இதற்கு அடுத்த ஃபெர்மா எண்களின் நிலை என்ன?

ஆறாம் ஃபெர்மா எண்ணான 2⁶⁴ + 1 என்பது 274177 × 67280421310721. இதை 1880-இல் அறிவித்த பிரெஞ்சுக்காரர் லாந்திரிக்கு அப்போது 82 வயது. ஏழாம் எண் 1970-இல் மாரிசன், பிரில்ஹார்ட் ஆகியோரால் கணினியின் உதவியோடு உடைக்கப்பட்டது; எட்டாம் எண் 1980-இல் பிரெண்ட், போலார்டு ஆகியோரால்; ஒன்பதாம் எண் 1990-இல். பதினோராம் எண் 1988-இலேயே முடிந்துவிட, பத்தாம் எண் 1995 வரை காத்திருந்தது. காரணிகளின் அளவைப் பொறுத்தே வேலை அமைவதால் வரிசை இப்படி மாறுகிறது. பன்னிரண்டாம் எண் முதல் எதுவும் முழுமையாகக் காரணிப்படுத்தப்படவில்லை. இருபதாம் எண்ணும் இருபத்துநான்காம் எண்ணும் பெபான் சோதனையால் பகு எண்கள் என்று தெரிந்தவை. அவற்றின் ஒரு காரணிகூட இன்னும் கண்டறியப்படவில்லை.

65537-க்கு அப்பால் ஃபெர்மா பகா எண் வேறு ஏதேனும் உண்டா?

இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தாம் எண் முதல் முப்பத்திரண்டாம் எண் வரை அனைத்தும் பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. முப்பத்துமூன்றாம் எண்ணுக்கு 250 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள். அது பகா எண்ணா பகு எண்ணா என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை. ஃபெர்மா சொன்னதற்கு நேர்மாறாக, வேறு ஃபெர்மா பகா எண்ணே இல்லை என்றுதான் பெரும்பாலோர் இன்று கருதுகின்றனர். அதற்கும் நிறுவல் கிடையாது.